நான் ரப்பரால் அழித்த சுவர்

கண்ணா, இதை யாரிடமும் காட்டாதே. உன் அப்பா யாராக இருந்தாலும் அவரிடம் காட்டாதே. என் அம்மாவிடமும் வேண்டாம். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் படித்துவிடுவாள். நீ முடித்ததும் இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்துவிடு. கையில் என்ன என்று யாராவது கேட்டால் பழைய வீட்டு பிளான் என்று சொல். அது பொய் இல்லை. இந்தத் தாள்களைத் திருப்பிப் பார், ஒரு பக்கம் எங்கள் வீட்டு பிளானின் ஜெராக்ஸ்தான். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது. நோட்டில் எழுதினால் அம்மா பையைத் திறந்து பார்ப்பாள். கொஞ்ச நாளாகப் பார்க்கிறாள்.

எனக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. நீ இன்னும் பிறக்கவில்லை, பிறப்பாயா என்றும் தெரியாது. போன பரீட்சையில் தமிழ்த் தாளில், வெளியூருக்கு வேலைக்குப் போகும் மகனுக்குத் தாய் எழுதுவதாக ஒரு கடிதம் கேட்டிருந்தார்கள். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, பெரியவர்களை மதி என்றெல்லாம் எழுதினேன். டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள். பக்கத்தில் இருந்த தோழி, "இன்னாடி, உன் புள்ள எந்தக் கம்பெனிக்குப் போறான்?" என்று இடுப்பில் இடித்தாள். நானும் சிரித்தேன். அப்போது என் கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கவில்லை. இன்று யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது அந்த மகன்தான் ஞாபகம் வந்தான். உயிரோடு இருக்கிற யாரிடம் சொன்னாலும் அது இன்னொருவர் காதுக்குப் போய்விடுகிறது. மகளாக நினைத்து எழுதலாம் என்று பார்த்தேன். மகள் என்று நினைத்த உடனே கை ஓடவில்லை. அதனால் நீ மகனாகவே இரு.

விடிந்தால் எனக்குப் பூ வைக்க வருகிறார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் தலையில் பூ வைத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்ன வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. தை பிறந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை என் அத்தையின் கொழுந்தனார் மகன், வள்ளூரில் இருக்கிறார். வருகிறவர்களுக்கு நான்தான் கேக் செய்ய வேண்டும் என்று அத்தை சொல்லியனுப்பியிருக்கிறாள். பகலில் எங்கள் ஊரில் கரண்ட் ஏறி இறங்கும், கேக் நடுவில் அமுங்கிவிடும். அதனால் எல்லோரும் படுத்த பிறகு ஓவனை வைக்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். சமையலறையில் லைட் போடவில்லை. ஓவனுக்குள் எரியும் சின்ன மஞ்சள் விளக்குக்கு எதிரே தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கேக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகும் வரைக்கும் நான் இங்கே இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஒரு தாய் மகனுக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரு வீட்டை எப்படிப் பார்ப்பது, ஒரு கேக்கை எப்படிக் காத்திருந்து எடுப்பது, அவ்வளவுதான். அதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டினால்தான் நான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுவாயலிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். நெல் வைக்கிற குடும்பம். ரோட்டோரம் இருந்த நிலத்தில் ஒரு துண்டை குடோன் கட்டுவதற்குக் கேட்டார்கள், நைனா கொடுத்தார். என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், ஆந்திரா எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். அந்தப் பணத்தில் இந்த வீடு எழும்பியது. அதற்கு முன்னால் ஷீட் போட்ட வீட்டில் இருந்தோம், மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஒருநாள் இன்ஜினியர் பென்சிலில் வரைந்த பிளானைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தார். நைனாவுக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. "பாப்பா, இதுல இன்னா போட்டுக்கிறாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டார். பார்த்தேன். வாசலை ஒட்டி ஒரு சின்ன முன்னறை, அதற்குப் பின்னால் கூடம், நடுவில் சுவர். கிழக்கு ஜன்னல் முன்னறைக்குப் போய்விட்டது. கூடத்துக்கு வெளிச்சம் வர வழியே இல்லை. நான் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து அந்தச் சுவரை அழித்தேன். கேட்டுவிட்டு அழிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அத்தை அன்றைக்கு வந்திருந்தாள். "பாருடா தம்பி, இன்னும் கட்டவேயில்ல, உன் பொண்ணு அதுக்குள்ள ஊட்ட இடிக்குது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்துக்கொண்டே, அந்தச் சுவரை எடுத்தால் மேலே பெரிய பீம் போட வேண்டும், தேவையில்லாத செலவு என்றார். நைனா மட்டும் சிரிக்கவில்லை. தாளில் நான் அழித்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கொயந்த வெளிச்சம் கேக்குது சார். போடுங்க பீமு" என்றார். நீ இந்தத் தாளைத் திருப்பினால் அந்த இடம் தெரியும். ஜெராக்ஸிலும் மங்கலாக ஒரு கோடு விழுந்திருக்கிறது.

வீடு என்றால் எல்லோரும் முகப்பைப் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் புது வீடுகளுக்கு முன்னால் ஆரஞ்சும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்து, சிங்கம் வைத்து, கண்ணாடி ஒட்டி, பார்க்கவே கூசும். நீ ஒரு வீட்டுக்குள் போனால் முகப்பை விட்டுவிட்டு, கை படுகிற இடங்களைப் பார். கதவின் கைப்பிடி, மாடிப்படியின் பிடிசுவர், சுவிட்ச் இருக்கும் உயரம். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் சுவரின் முனை கத்தி மாதிரி இருந்தது. பூச்சு ஈரமாக இருந்தபோது நான் மேஸ்திரியிடம் கேட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலால் தேய்த்து அதை உருண்டையாக்கினேன். இன்றைக்கு யார் மாடிக்குப் போனாலும் அந்த இடத்தில் அவர்கள் கை தானாக ஒரு தடவு தடவிவிட்டுப் போகிறது. ஏன் தடவுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். அழகு என்றால் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன், யாரும் பெயர் சொல்லாமல் கையால் தொட்டுவிட்டுப் போவது.

இன்னொன்றும் செய்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் முழுச் சுவர் வேண்டாம், சிமெண்ட் ஜாலி வைக்கலாம் என்றேன். சதுரம் சதுரமாகத் துளை விட்டு வார்த்த கல், ரோட்டோரத்தில் அடுக்கி விற்பார்களே, அதுதான். அம்மா ஒத்துக்கொள்ளவேயில்லை. "மீன் வறுத்தா வாசன ஊடு பூரா பூடும். தூசி தொடைக்கறது யாரு, நீயா?" என்று சண்டை போட்டாள். வைத்த பிறகும் வருகிறவர்களிடம் எல்லாம், "இவ பேச்சக் கேட்டு செவுத்துல ஓட்ட போட்டு வச்சிகிறாரு இவரு" என்று குறை சொன்னாள். ஒருநாள் காலையில் நான் தலை சீவிக்கொண்டே வந்தேன். கிழக்கு ஜன்னல் வெயில் கூடத்தைத் தாண்டி, ஜாலி வழியாகச் சமையலறைத் தரையில் விழுந்திருந்தது. அம்மா முருங்கைக்கீரையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சதுரங்களுக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கீரையை உருவவில்லை. காலை மெல்ல நகர்த்தி, ஒரு சதுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொண்டாள். "இன்னாடி பாக்கற? நல்லாத்தான் கீது, போ" என்றாள். என் வாழ்நாளில் நான் வாங்கிய மார்க்கில் அதுதான் பெரியது.

கேக் கதை தனி. ஓவன் வருவதற்கு முன்னால் குக்கரில்தான் செய்தேன். அடியில் உப்பைக் கொட்டி, கேஸ்கட்டையும் விசிலையும் எடுத்துவிட்டு, மேலே டின்னை வைத்து மூடுவேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, போனில் பார்த்தது. முதல் கேக் செங்கல்லாக வந்தது. நைனா அதைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, "பாப்பா, இத வச்சி இன்னொரு ரூமு எடுத்துடலாம்" என்றார். மாடிக்குக் கான்கிரீட் போடும் நாளில் வேலை செய்கிறவர்களுக்கு பிரியாணி போடுவது வழக்கம். அன்றைக்கு நானும் ஒரு கேக் செய்து சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுத்தேன். சிமெண்ட் காய்ந்த கையோடு ஓரமாகப் பிடித்துத் தின்றார்கள். கேக்கில் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. வேகும்போது கதவைத் திறந்து பார்க்காதே. உள்ளே அது எழும்பிக்கொண்டிருக்கும், வெளிக்காற்று பட்டால் பயந்ததுபோல் இறங்கிவிடும். வாசனை வரும் வரைக்கும் பொறுத்திரு. பிறகு துடைப்பத்து ஈர்க்குச்சியைக் கழுவி நடுவில் குத்திப் பார். ஒட்டாமல் வந்தால் எடு. மேலே வெடித்திருந்தால் கவலைப்படாதே. எல்லோரும் அந்த வெடிப்பைக் கிரீம் போட்டு மூடுகிறார்கள். நான் மூடமாட்டேன். உள்ளே என்ன நடந்தது என்பதை அந்த வெடிப்புதான் சொல்கிறது.

வீடு முடிந்தபோது, புது வீட்டுக்கு உனக்கு என்ன வேண்டும் என்று நைனா கேட்டார். ஓவன் என்றேன். வாங்கித் தந்தார். கிரகப்பிரவேசத்துக்கு அம்மா பால் காய்ச்சினாள், நான் கேக் செய்தேன். அத்தை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, யார் செய்தது என்று கேட்டாள். அம்மா பெருமையாக என் பேரைச் சொன்னாள். அத்தை கூடத்தின் நடுவில் நின்று மேலே பீமைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பி, புது ஊடு கட்டுனா வருஷம் திரும்பறதுக்குள்ள அதுல ஒரு நல்ல காரியம் நடக்கணும்டா. இல்லன்னா ஊட்டுக்கு ஆவாது. என் கொழுந்தன் மவன் இருக்கான். கையில வேல கீது, கெட்ட பயக்கம் ஒண்ணும் கெடையாது. இவள வுட்டா வேற யாரு?" என்றாள். நைனாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒற்றைப் பிள்ளை. இந்த வீட்டில் நடக்கக்கூடிய நல்ல காரியம் நான் ஒருத்திதான்.

பெரியபாளையத்துக்குப் போய் அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் அம்மாவிடம் வாயைத் திறந்தேன். எனக்கு வேண்டாம், பரீட்சை எழுத வேண்டும், வீடு கட்டுகிற படிப்பு இருக்கிறது, அதற்கு நுழைவுத்தேர்வு இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா நெற்றியில் இருந்த குங்குமத்தோடு திரும்பிப் பார்த்தாள். "எனக்குப் பதினாறுல கட்டி வச்சாங்க. நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றாள். அவள் சாகவில்லைதான். காலைச் சதுரத்துக்குள் வைத்துப் பார்க்க அவளுக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அறைந்திருப்பாள், அல்லது அழுதிருப்பாள். இரண்டுமே என்னால் தாங்க முடியாது.

அதன் பிறகு ஒருநாள் மண்டபம் பார்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. நான் ஜாலிக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஜாலி வைத்ததில் ஒரு கெடுதல், எல்லாம் காதில் விழும். அத்தை சொன்னாள், "மண்டபம்னா வயசுக்குச் சீட்டு கேப்பாங்க. கோயில்லயும் இப்பல்லாம் கேக்கறாங்க. இன்னாத்துக்கு அந்த பேஜாரு? இவ்ளோ பெரிய கூடம் கட்டி வச்சிகினு மண்டபத்துக்கு டப்பு குடுப்பியா? நடுவுல செவுரு இல்ல, தூணு இல்ல. தோ, இங்க மண போட்டா, அங்க நூறு பேரு உக்காரலாம். ஊட்டுக்குள்ள நடந்தா எவன் வந்து கேக்கப்போறான்?" நைனா மேலே பீமைப் பார்த்தார். அம்மா மட்டும், "அதுவும் செரிதான் அண்ணி" என்றாள்.

கண்ணா, எனக்கு அப்போது அழுகை வரவில்லை. வெங்காயத்தினால் ஏற்கெனவே கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் அந்தக் கூடத்தை ஜாலி வழியாகப் பார்த்தேன். என் ரப்பரால் அழித்த சுவர் இருந்திருந்தால் அங்கே இருபது பேர்கூட உட்கார முடியாது. மண்டபத்துக்குப் போயிருப்பார்கள், அங்கே என் வயதைக் கேட்டிருப்பார்கள். வெளிச்சம் வர வேண்டும் என்று நான் திறந்து வைத்த இடத்தில்தான் எனக்கு மணை போடப் போகிறார்கள். நான் கெட்டது ஒன்றும் செய்யவில்லை. ஒரு வீடு அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது எப்படி எனக்கு எதிராகத் திரும்பியது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி உனக்குக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒருமுறை வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். தலையை நிமிர்த்தாமல் கேக்கைத் தின்றார், எழுந்து போகும்போது, "நல்லா இருந்துச்சி" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, தட்டிடம் சொன்னாரா தெரியாது. அவர்கள் வீட்டை அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பெரிய லாரிகள் போகிற ரோட்டின் மேலேயே வீடு. தூசி தாங்காமல் எல்லா ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்துவிட்டார்களாம். "பகல்லயே லைட்டு போட்டுத்தான் குந்திகினு இருக்காங்க. ஆனா ஃபேனு நல்லாச் சுத்துது" என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் தெரியும்.

ஒருவேளை நீ அந்த வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாய் என்றால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு இடுக்கு இருந்திருக்கும். மத்தியானத்தில் அது வழியாக ஒரு கோடு மாதிரி வெயில் விழுந்திருக்கும். அதை உனக்குக் காட்டினேனா? மாவு சலிக்கும்போது அந்தக் கோட்டில் மாவு பறப்பதைப் பார்க்க உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டேனா? காட்டியிருந்தால் நான் கொஞ்சமாவது நானாக இருந்திருக்கிறேன் என்று அர்த்தம். காட்டவில்லை என்றால் என்னை மன்னித்துவிடு, என்னால் முடியாமல் போயிருக்கும். நீ எந்த வீட்டில் இருந்தாலும் ஜன்னலை அடைக்காதே. உனக்கு ஒரு பெண் பிறந்து, அவள் ரப்பரை எடுத்துக்கொண்டு வந்தால் கையைப் பிடிக்காதே. பீம் போட்டுக் கொடு. கொடுத்துவிட்டு, அந்த இடத்தை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளாதே.

இனிமேல் எழுதுவதுதான் நீ யாரிடமும் காட்டக்கூடாதது.

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் நீல எழுத்தில் நான்கு இலக்கத்தில் ஒரு நம்பர் எழுதியிருக்கும். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிடச் சொல்லி. தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போவோம், மனப்பாடம் ஆகிவிட்டது. வீட்டுப் போன் அம்மாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் கேக்குக்கு வெண்ணெய் வாங்க புதுவாயல் கூட்ரோட்டில் இருக்கும் பேக்கரிக்குப் போனேன். அங்கே கல்லாவில் இருக்கும் அக்காவிடம், அம்மாவைக் கூப்பிட வேண்டும், போன் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். கடைக்குள் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த நம்பரை அழுத்தினேன். ஒரு பெண் பேசினார். "சொல்லும்மா" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதும் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வயதைக் கேட்டார், ஊரைக் கேட்டார், வீடு எது என்று கேட்டார். குடோனைத் தாண்டி, மாடிச்சுவரில் சதுரத் துளை வைத்த வீடு என்றேன்; மீந்த ஜாலிக் கல்லை அங்கேதான் வைத்திருந்தோம். எப்போது பூ வைக்கிறார்கள் என்று கேட்டார். நாளைக்கு விடியலில் என்றேன். "பயப்படாத. நீ சொன்னேன்னு வெளிய வராது. நாங்க பாத்துக்கறோம்" என்றார். எப்போது வருவார்கள், எப்படி வருவார்கள், நைனாவை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்குள் வடநாட்டு ஆட்கள் சிலர் பன் வாங்க உள்ளே வந்துவிட்டார்கள். போனை வைத்துவிட்டேன்.

அந்த அக்கா போனைத் திருப்பி வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தார்கள். காதில் விழுந்திருக்குமா தெரியாது. வெண்ணெயை இரண்டு தாளில் சுற்றிக் கொடுத்து, "கரைஞ்சிடும், நிக்காம ஊட்டுக்குப் போ பாப்பா" என்றார்கள். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது அது என் மடியில் கரைந்துகொண்டே வந்தது.

சாயங்காலம் நைனா மாடியில் பந்தல் போடுவதற்குக் கயிறு அளந்துகொண்டிருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார். தூரத்தில் குடோனின் நீலக் கூரைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மிச்சம் இருக்கிற வயல் தெரிந்தது. நான் சொன்னேன், "நைனா, எனக்கு வேணாம். பயமா கீது." இதுவரை அவரிடம் நான் நேராகச் சொன்னதில்லை. அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார், பிறகு சுற்றியதை எல்லாம் பிரித்தார். "அக்காவுக்கு வாக்கு குடுத்துட்டேன் கண்ணு" என்றார். நான் படியிறங்கத் தொடங்கினேன். அந்த உருண்டை முனையில் கையை வைத்தபோது அவர் குரல் கேட்டது. "பாப்பா." நின்றேன். "காலையில அவங்கல்லாம் வரட்டும். வந்தப்புறம் அக்காவ தனியாக் கூட்டிக்கினு போயி பேசிப் பாக்கறேன். பூவ அப்பறமா வச்சிக்கலாம்னு சொல்லிப் பாக்கறேன். அவ ஒத்துக்குவாளோ இன்னாவோ." இன்னொன்றும் சொன்னார். "நீ போயி கேக்கு வையி. அழுவாத."

இப்போது சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் அதை நேற்றே சொல்லியிருந்தால் நான் அந்த நம்பரை அழுத்தியிருக்கமாட்டேன். அல்லது அழுத்தித்தான் இருப்பேனோ? அத்தையிடம் நைனா பேசி நான் பார்த்ததே இல்லை, அவள் சொல்வதைக் கேட்டுத்தான் பார்த்திருக்கிறேன். அவர் தனியாகக் கூட்டிக்கொண்டு போவார், அவள் பேசுவாள், இவர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வருவார். ஆனால் முதல்முறையாக இன்றைக்கு மாறிவிடலாம். அதற்கும் இனி நேரம் இருக்குமா தெரியவில்லை. யாராவது ஜீப்பில் வந்து இறங்கி, ஊரே பார்க்க, எனக்காக பீம் போட்ட மனிதரிடம் கேள்வி கேட்பார்களா? கேட்டால் அவர் என் பக்கம் திரும்பிப் பார்ப்பாரா? திரும்பிப் பார்த்தால் நான் எங்கே பார்ப்பது? வரவே மாட்டார்கள் என்றும் தோன்றுகிறது. வராவிட்டால் விடிந்ததும் பூ. வந்தால் நைனா. எனக்கு இரண்டையும் நினைக்க முடியவில்லை. அவர் தூங்கவில்லை. கூடத்தில் பாயில் படுத்திருக்கிறார், அவ்வப்போது இருமுகிறார். ஜாலி வழியாக எனக்குக் கேட்கிறது. அவருக்கு என் பேனா கேட்குமோ என்று பயமாக இருக்கிறது.

கடைசிக் கேக்கும் எழும்பிவிட்டது. வாசனை வந்துவிட்டது. ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. மேலே நீளமாக வெடித்திருக்கிறது. கிரீம் போட்டு மூடச் சொல்லி அத்தை சொல்லியிருக்கிறாள், மூடப்போவதில்லை. விளக்கு அணைந்துவிடக் கூடாது என்று வெறும் ஓவனைத் திரும்பப் போட்டுவிட்டு எழுதுகிறேன். வெளியே காகம் ஒன்று கத்தத் தொடங்கிவிட்டது.

உன்னிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான், இத்தனை நேரம் சுற்றி வளைத்துவிட்டேன். கண்ணா, நீ சீக்கிரம் வந்துவிடாதே. எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை, வெளியிலேயே இரு. நீ இதைப் படிக்கும்போது எனக்குத் தலை நரைத்திருந்தால், நீ தாமதமாகப் பிறந்திருந்தால், நான் இந்தக் கூடத்திலிருந்து தப்பித்துவிட்டேன் என்று புரிந்துகொள். பள்ளிக்கூடத்தில் யாராவது உன் அம்மாவைப் பார்த்து, பாட்டியா என்று கேட்டிருந்தால் கோபப்படாதே, சந்தோஷப்படு. ஆனால் என்னை யாராவது உன் அக்கா என்று நினைத்திருந்தால்

தட்டுகிறார்கள். அம்மா என்று நினைத்துத் தாளை முந்தானைக்குள் மறைத்தேன். இந்தக் கதவு இல்லை. வாசல் கதவு. எங்கள் வாசலில் குருவி மாதிரிக் கத்தும் பெல் இருக்கிறது, தெரிந்தவர்கள் அதைத்தான் அமுக்குவார்கள். அத்தை என்றால் தெருமுனையிலிருந்தே "தம்பீ" என்று குரல் வந்திருக்கும். குரல் இல்லை. மறுபடியும் தட்டுகிறார்கள், மரியாதையாக, விட்டு விட்டு. பாய் சுருளும் சத்தம். நைனா, போகாதீர்கள். போகிறார். அவர் கால் கூடத்தைத் தாண்டுகிறது, நடுவில் தடுக்க ஒரு சுவர்கூட இல்லை. தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். கூடத்து விளக்கைப் போட்டுவிட்டார், ஜாலி வழியாக வெளிச்சம் சதுரம் சதுரமாக வந்து இந்தத் தாள் மேல்